கணக்குப்பிள்ளைக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

இந்தப் பட்டப்பெயரை உனக்கு வைத்தது நான்தான் என்பதால், எழுதுவது யார் என்று உனக்கு உடனே விளங்கிவிடும். மற்றவர்களுக்கு விளங்க வேண்டியதில்லை. ஆண்டின் கடைசி வாரம் வந்துவிட்டது. அந்தந்த ஆண்டில் பார்த்த படங்களில் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி, நாம் ஐவரும் கடைசியாகப் பட்டியல் போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டு மறுபடியும் தொடங்கலாம் என்று மற்ற மூவரும் சொல்கிறார்கள். நானும் தாளை எடுத்து, ஒன்றிலிருந்து பத்துவரை எண்களைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் பெயரை எழுதுவதற்கு முன் உனக்கு எழுதியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. தனியாக எழுதியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் மன்னிப்பில் தொடங்கி வழக்கில் போய் முடிந்தன. நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதினால் வாதாடுவதைக் கொஞ்சமாவது அடக்கிக்கொள்வேன் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நம்பிக்கை எத்தனை பத்திகள்வரை தாங்கும் என்பதை நீயே பார்த்துக்கொள்.

அந்தக் கடைசிப் பட்டியலில் முதலிடத்துக்கு மோதிய இரண்டு படங்களின் பெயர்களையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிப்பவர்கள் நம்மை விட்டுவிட்டுப் படங்களைப் பற்றிச் சண்டை போடத் தொடங்குவார்கள். நீ முதலிடம் தந்ததை உன் படம் என்றும், நான் தந்ததை என் படம் என்றும் சொல்கிறேன். அப்படிச் சொல்லிப் பழகியதில்தான் பாதித் தவறே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ என் தாளைத் திருப்பிப் பார்த்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அன்று என் தாளைக் கடைசியாகத்தான் எடுத்தாய். எப்போதும்போல் பத்தாம் இடத்திலிருந்து மேல்நோக்கிப் படித்தாய். பத்து, ஒன்பது, எட்டு என்று வாசிக்க வாசிக்க அந்தந்தப் படத்துக்கு நேராகப் புள்ளியைக் குறித்துக்கொண்டே வந்தாய். ஐந்தாம் இடம் தாண்டியதும் உன் பென்சில் உன் படத்தின் வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. எனக்கு அது மேலே எங்கோ இருக்கும் என்பதில் உனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான்காவது வந்தது, வேறு படம். மூன்றாவது, வேறு படம். இரண்டாவதையும் படித்தாய். பிறகு முதலிடத்தில் என் படத்தின் பெயரைப் படித்துவிட்டு, பத்துப் புள்ளிகளைக் குறிக்காமல், என் முகத்தைப் பார்க்காமல், தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாய். ஒரு படம் விடுபட்டு அங்கே எழுதப்பட்டிருக்கலாம் என்று நினைத்திருப்பாய். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தாளைப் பழையபடி வைத்தாய், பத்து என்று எழுதினாய், இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்தாய், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் "24, 23" என்று அறிவித்தாய். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

உனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: உன் படத்துக்கு உன்னிடமிருந்து 10, மற்ற இருவரிடமிருந்து 8, 5, ஒருவர் இரண்டு படங்களையுமே பார்த்திருக்கவில்லை, என்னிடமிருந்து ஒன்றும் இல்லை. என் படத்துக்கு உன்னிடமிருந்து 3, அந்த இருவரிடமிருந்து 6, 5, என்னுடைய 10. உனக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு நான் பார்த்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன் படம்தான். என் படம் இரண்டாவது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் 33-க்கு 23 என்று உன் படம் முன்னே போயிருக்கும். உன் படத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியிருந்தாலும்கூட 32-க்கு 24 என்று அதுதான் வென்றிருக்கும். அதனால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். மறதியால் அல்ல, ரசனை வேறுபாட்டாலும் அல்ல. மற்றவர்கள் யார் எதற்கு எந்த இடம் தருவார்கள் என்று முந்தைய இரண்டு வாரப் பேச்சுகளிலிருந்து ஊகித்து, ஒரு சிறு தாளில் கூட்டிப் பார்த்து, வேண்டுமென்றே செய்தது.

இதோ, வழக்கு தொடங்குகிறது. இந்தப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது நீ. முதலிடத்துக்குப் பத்து, பத்தாம் இடத்துக்கு ஒன்று என்று கூட்டும் இந்த வழி போர்டா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்குவதையும், 1770-இல் அவர் அதைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்ததையும் எங்களுக்குச் சொன்னதும் நீதான். அதன் ஓட்டையைப் பற்றி மட்டும் நீ சொல்லவில்லை. எதிர்ப்படத்தை வேண்டுமென்றே கீழே தள்ளினால் தன் படம் மேலே ஏறிவிடும் என்று அந்தக் காலத்திலேயே சிலர் சுட்டிக்காட்டியபோது, தன் முறை நேர்மையானவர்களுக்கு மட்டுமே உரியது என்று போர்டா பதில் சொன்னதாகச் சொல்வார்கள். இதைப் படித்தபோது ஒரு கணம் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. ஆஸ்கரில் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த படத்துக்குப் பின்பற்றும் முறையை நாம் எடுத்திருந்தால், எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடங்களைப் பெறாதபோது கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அதற்குப் போட்டவர்களின் வாக்குகளை அவரவருடைய அடுத்த விருப்பத்துக்கு மாற்றியிருப்போம். அங்கே உன் படத்தை நான் பட்டியலிலிருந்து நீக்கியதால் என் படத்துக்கு எள்ளளவும் பயன் கிடைத்திருக்காது. அதாவது, முறை வேறாக இருந்திருந்தால் நான் அதைச் செய்திருக்கவே மாட்டேன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும்போது, பூட்டு சரியில்லாததால்தான் திருடினேன் என்று சொல்பவனின் குரல் கேட்கிறது. அழிக்காமல் விடுகிறேன், இப்படியெல்லாம் யோசித்துத்தான் ஐந்து ஆண்டுகளை ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

ஆனாலும் அந்த முறையின் மீது எனக்கு இருந்த வருத்தம் பொய்யல்ல. ஐவருக்கும் ஐந்தாம் இடத்தில் நிற்கும் ஒரு படம் அதில் 30 புள்ளிகள் பெறும். இருவர் உயிரைக் கொடுத்து நேசித்து முதலிடம் தந்து, மற்ற மூவருக்குப் பார்க்கக் கிடைக்காத படம் 20 புள்ளிகளோடு நின்றுவிடும். எல்லாரும் பார்த்த, யாருக்கும் தூக்கம் கெடாத படங்கள்தான் நம் நோட்டில் ஆண்டுதோறும் மேலே வந்தன. ஜனவரியில் பார்த்ததை டிசம்பரில் மறந்துவிடுகிறோம், கடைசி மாதத்தில் பார்த்தவையே பட்டியலை நிரப்புகின்றன என்று நான் சொன்னபோதெல்லாம், பார்த்த அன்றே குறித்துவைக்காதது என் குற்றம் என்றாய். நீ அந்த ஆண்டு 140 படங்கள் பார்த்திருந்தாய், நான் 31. அந்த எண்ணை நீ ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிக்காட்டியதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில், ஐந்து பெயர்களுக்கு நேராக, எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைத்தாய், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் முதலிடம் தந்த படம் குழுவின் முதலிடத்துக்கு வந்ததில்லை. நீ முதலிடம் தந்தவை நான்கு முறை வந்தன. உன் பரிந்துரைகள் எனக்குப் பரிசாக வரவில்லை, தேர்வுத்தாளாக வந்தன. பார்த்துவிட்டு என்ன சொல்லப் போகிறேன் என்று நீ காத்திருந்த விதத்தைச் சொல்கிறேன்.

இதையும் சொல்கிறேன்: நீ காட்டியிராவிட்டால் நான் பார்த்தே இராத படங்கள்தான் இன்றைக்கும் என்னோடு இருப்பவை.

உன் படத்தை நீ ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தாய். இரண்டாவது முறை என்னை அழைத்துக்கொண்டு போனாய். அந்த ஆண்டு உனக்கு என்ன ஆண்டாக இருந்தது என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை; நம் மூன்று நண்பர்களும் படிப்பார்கள், அவர்களுக்கு நீ எவ்வளவு சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு மட்டும் எழுதுகிறேன். கதவைத் தாழிடாமல் அந்தக் கிழவி படுக்கப்போகும் காட்சியில் நீ திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் பார்க்கிறேனா என்று பார்த்தாய். நான் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. விளக்குகள் எரிந்து, கடைசிப் பெயர் திரையில் ஏறி மறையும்வரை நீ எழுந்திருக்கவில்லை, நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் நான் என்ன பேசினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. இருபது நிமிடங்களை வெட்டியிருக்கலாம் என்றேன். இரண்டாம் பாதியில் இசை அதிகம் என்றேன். இசையே இல்லாத பாதி அது. நீ என்னைத் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது உன் குணத்துக்கே பொருந்தாதது. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஏன் அப்படிப் பேசினேன் என்று பல விதமாக யோசித்துவிட்டேன். உன் முன்னால் கலங்கினால் தேர்வில் தேறிவிட்டேன் என்று நீ நினைப்பாய் என்ற அற்பமான வீம்புதான் மிச்சமாக நிற்கிறது. அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு முதலிடம் தந்தால், வெளியே வந்து பேசியதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். தராமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு முறையாவது வெல்ல வேண்டும் என்ற ஆசை அந்தக் காரணமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

சில வாரங்கள் கழித்து நீ கேட்டாய், அந்தப் படம் எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லையா என்று. வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் கேட்டாய். பத்துக்குள் வரவில்லை என்றேன். பட்டியலில் செய்ததைவிட அந்தப் பதில்தான் மோசமானது. பட்டியலில் உன்னைத் தோற்கடித்தேன். அந்தப் பதிலில், நீ என்னிடம் காட்ட நினைத்தது எதுவோ, அது என் கண்ணில் படவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த டிசம்பரில் வேலை அதிகம் என்று நீ விலகிக்கொண்டபோது, வேலைதான் காரணம் என்று நம்பியவர்கள் மூவர். நான்காமவன் நம்பியதுபோல் நடித்தவன். ஆனால் ஒன்று, நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாளைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த உனக்கு, ஏன் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தெரியாமல் போயிற்றா? நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது ஐந்து பேருடைய நோட்டு.

சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை 1952 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள விமர்சகர்களிடம் பத்துப் பத்துப் படங்களாகக் கேட்டு நடத்தும் வாக்கெடுப்பைப் பற்றி நீ அடிக்கடி பேசுவாய். 1958-இல் வெளிவந்த 'வெர்டிகோ' 1962-இலும் 1972-இலும் முதல் பத்துக்குள் வரவில்லை, 1982-இல்தான் வந்தது, முதலிடத்தை எட்ட 2012 ஆகிவிட்டது என்பாய். அப்படியானால் அந்தந்த ஆண்டின் முடிவிலேயே நாம் போடும் வரிசைக்கு என்ன மதிப்பு என்று நான் கேட்டேன். தவறாகத்தான் இருக்கும், ஆனால் தேதி போட்ட தவறாக இருக்கும், பின்னால் எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு நாம் யாராக இருந்தோம் என்று தெரியும் என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் அன்றைக்கு நான் யாராக இருந்தேன் என்பது தெரியாது; நான் யாராகக் காட்டிக்கொண்டேன் என்பதுதான் உன் அழகான கையெழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் திருத்தச் சொல்கிறேன். உன் படத்துக்கு 33. என் படத்துக்கு 23. பழைய எண்களை அழிக்காதே, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது. யார் சொல்லித் திருத்தினாய் என்பதையும் எழுது.

இந்த ஆண்டுப் பட்டியலை உன் முகவரிக்கே அனுப்புகிறேன். நீ சேர வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை. மொத்தம் பார்த்ததே 19 படங்கள், அவற்றில் பத்துத் தேறுமா என்பதே ஐயம். தேறாவிட்டால் ஏழோடு நிறுத்திவிடுகிறேன். முதலிடம் தந்திருக்கும் படம் உனக்கு அறவே பிடிக்காது என்று நினைக்கிறேன். பின்பக்கத்தையும் பார், அங்கே வேறொன்று எழுதியிருக்கிறேன்.

அப்புறம், உன் படம் தோற்றதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, விழாவில் முதலில் திரையிட்ட தேதியைக் காட்டி என் படம் ஒன்றை அந்த ஆண்டுக் கணக்கில் சேராது என்று தள்ளினாய். அடுத்த ஆண்டே ஓடிடியில் வந்த தேதியைக் காட்டி உன் படம் ஒன்றைச் சேர்த்தாய். அதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. திரையரங்கத்துக்கு வந்த தேதிதான் கணக்கு.

இப்படிக்கு,
பொய்க்கணக்கு எழுதிய நண்பன்