துவைக்கும் கல்லோரம்

பெங்களூரு,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அனுப்பும் செய்தியை நீ படித்துவிட்டதாக அலைபேசி காட்டுகிறது, பதில்தான் வருவதில்லை. உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தீபாவளி கழிந்து நீ தனியாக வந்து நான்கு நாள் தங்கியபோது துவைக்கும் கல்லோரம் ஊன்றிவிட்டுப் போனது என்னவென்று இன்றுதான் கண்டுபிடித்தேன்.

இந்த ஆண்டு தோட்டத்தில் எது பயிர், எது களை என்றே புரியவில்லை. கேரட் பாத்தியில் பாதி பார்த்தீனியம். கேரட்டின் முதல் இரண்டு இலைகள் புல்லைப் போல் நீண்டு ஒடுங்கியிருக்கும். பார்த்தீனியத்துக்கோ அவை சிறுத்து உருண்டிருக்கும், பின்னால் வரும் இலைகள் மண்ணோடு படிந்து வட்டமாக விரியும். 1955-இல் இந்தச் செடி இந்தியாவில் முதலில் கவனத்துக்கு வந்தது நீ இருக்கும் புனேயில்தான். அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து 1984-இல் விட்டது எங்கள் பெங்களூரில். மழை நின்றதும் வண்டு மண்ணுக்குள் போய்விடுகிறது. களை எடுக்க நான்தான் இருக்கிறேன். வெறுங்கையால் அதைத் தொடாதே, உனக்குச் சிறு வயதிலேயே தோல் தடித்துவிடும்.

வெண்டைக்கு நடுவே தானாக முளைத்ததைப் பக்கத்து வீட்டு அம்மா 'கணிகே சொப்பு' என்றார். நம் மணத்தக்காளிதான். ஆனாலும் வெள்ளைப் பூவும் கொத்துக் காயும் கண்ட பிறகே அம்மாவைச் சமைக்க விட்டேன். உன் மாடித் தொட்டியில் முளைப்பதையும் பூ, காய் பார்க்காமல் கீரை என்று கிள்ளிவிடாதே.

அந்தப் பொறுமை கல்லோரத்தில் எனக்கு இல்லாமல் போயிற்று. பிளவுபட்ட இலைகளைக் கண்டதும் இதுவும் பார்த்தீனியம் என்று முடிவுகட்டி, ஐந்து கன்றுகளில் நான்கைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டேன். ஐந்தாவது கல்லின் மறைவில் தப்பித்துத் துணிக்கொடியைச் சுற்றி ஏறிவிட்டது. இன்று அதில் காகிதப் பையாக உப்பியிருந்த காய் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மூன்று அறை, அறைக்கொரு கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொட்டு. முடக்கத்தான். தன் முழங்காலை நினைத்து நீ ஊன்றியது என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

பிறகு நினைவு வந்தது. அன்று காலை மண் படிந்த கையோடு வந்து, "அப்பா, ஒன்று சொல்ல வேண்டும்" என்று நின்றாய். பாத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். நான் கை கழுவி உள்ளே வந்தபோது மணி பதினொன்று. நீ பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாய். நானும் கேட்கவில்லை. செடியைப் பற்றித்தான் ஏதோ சொல்ல வந்திருப்பாய் என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல் என்று எழுதுவது வழக்கம். இம்முறை எழுதலாமா, கூடாதா என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

இத்துடன் ஆறு விதைகள் வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதே. காலையில் ஆறரை மணிக்கு மேல் நான் கொடிப் பக்கம்தான் இருப்பேன். அலைபேசியைத் துவைக்கும் கல் மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

அப்பா