சம்ப் சுத்தம்: சனிக்கிழமை காலை 7 மணி

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளத்தோடு சாக்கடையும் நம் சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) இறங்கிவிட்டது. நேற்று மூடியைத் திறந்தால் சுவரெல்லாம் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. 2015-லும் 2023-லும் வேளச்சேரி பட்டது போதும். தெளிவாகத் தெரிந்தாலும் குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்காதீர்கள்.

1. சனி காலை 6 மணிக்கு மோட்டார் நிறுத்தப்படும்.

2. குடிக்க, பல் தேய்க்க, குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க கேன் தண்ணீர்தான். கேன் கிடைக்காவிட்டால், துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் முழுதாக 1 நிமிடம் விட்டு இறக்குங்கள். வெறுமனே சூடாக்கினால் போதாது.

3. ஆர்வத்தில் யாரும் சம்ப்புக்குள் இறங்க வேண்டாம். விஷவாயு உயிரைப் பறித்துவிடும். பம்ப், கருவிகளோடு ஆட்கள் வருகிறார்கள். சேறு எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுவார்கள். மொட்டைமாடித் தொட்டியும் அப்படியே.

4. மதியம் லாரித் தண்ணீர் வரும். குளோரின் போட்டு அரை மணி நேரம் கழித்து, லிட்டருக்கு 0.5 மி.கி. மீதம் இருக்கிறதா என்று சோதனைக் கிட்டில் பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் குடிக்கலாம்.

5. பின்தெருக் குடிசைகளில் கைபம்பே மூழ்கிக் கிடக்கிறது. அங்கேயும் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கேன் தாருங்கள்.

கேன் தருபவர்களும், சனிக்கிழமை கூட நிற்க முடிந்தவர்களும் வெள்ளி இரவு 8 மணிக்குள் பிளாட் எண்ணோடு பதில் போடுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி யாருக்காவது இருந்தால் உடனே சொல்லுங்கள், நள்ளிரவானாலும் சரி.