சாமியை யார் அழைத்து வருவது?
குடிநோய் மறுவாழ்வு மைய நிர்வாகிகளுக்கும் கவுன்சலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பல மையங்களின் கால அட்டவணையில் காலையில் பிரார்த்தனை என்று ஒரு கட்டமும், பிறகு குழு சிகிச்சை என்று ஒரு கட்டமும் இருக்கும். பிரார்த்தனைக்கு எல்லாரும் கட்டாயம் உட்கார வேண்டும். குழுவில் ஒருவர் சாமியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் இங்கே வேண்டாம்" என்று அடைத்துவிடுவார்கள். இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்லித்தான் இந்த மடல். பிரார்த்தனை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். குழுவுக்குள் நம்பிக்கையைப் பேச இடம் கொடுங்கள். ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்குகிறவர் குடிநோயாளியாக இருக்கட்டும்.

கட்டாயம் என்பது சட்டத்துக்கும் ஒத்துவராது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கம் சார்ந்த பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. மதத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. கட்டாய மொட்டை கூடாது என்று தனியாகவே சொல்கிறது. யாருக்கோ நடந்திருக்கப் போய்த்தான் அந்த வரி அங்கே இருக்கிறது.

நீங்கள் சுவரில் மாட்டியிருக்கும், குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளுக்குள்ளேயே இந்தத் தகராறு உண்டு. அவற்றைத் தந்தது 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பு. அது ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து கிளைத்தது. ஆரம்ப உறுப்பினர்களிலேயே கடவுளை ஏற்காதவர்கள் இருந்தார்கள். அவர்கள் மல்லுக்கட்டியதால்தான் 1939-இல் படிகள் அச்சேறியபோது 'கடவுள்' என்ற சொல்லோடு 'நாம் புரிந்துகொண்டபடி' என்பதும் சேர்ந்தது. இரண்டாம் படி சொல்லும் 'நம்மைவிடப் பெரிய சக்தி'யைத் தமிழில் 'உயர் சக்தி' என்றதும் கேட்பவர் காதில் சாமி என்றுதான் விழும். கருப்புச் சட்டைக்காரர் அப்போதே சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். புராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் தரவுகளில், நம்பிக்கையற்றவர்கள் ஏ.ஏ. கூட்டங்களுக்குக் குறைவாக வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்குப் பலன் குறையவில்லை. அவர்களை நாம் இழப்பது வாசலில்.

அதனால் குழுவில் சேர்க்கும் முன் தனியாக உட்காரவைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். கஷ்டம் வந்தால் எதைப் பிடித்துக்கொள்வீர்கள்? அது குடியை நிறுத்த உதவியிருக்கிறதா, பாரமாக இருக்கிறதா? அந்த வழியில் உங்களோடு இருக்கும் ஆட்கள் யார்? இங்கே அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? 'சாமி' என்ற சொல்லை முதலில் நீங்கள் சொல்லாதீர்கள். "என் மகள்தான்" என்று பதில் வந்தால், அவருக்கு இரண்டாம் படி அதுதான்.

குழு 8 முதல் 12 பேர், ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் பாட்டோ மந்திரமோ இல்லாமல் இரண்டு நிமிட மௌனம்; அதற்குள் ஓதுகிறவர் ஓதட்டும், மூச்சை எண்ணுகிறவர் எண்ணட்டும். ஒரே விதி: 'நான்' என்று தொடங்கிப் பேச வேண்டும். "நான் வேளாங்கண்ணிக்கு நடந்தேன்" சரி. "நீயும் நட, சரியாயிடும்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இதை நடத்துகிறவர்களே அதிகம் மீறுகிறார்கள். "கடவுள் சோதிக்கிறார்", "முன்வினை" என்பதெல்லாம் கவுன்சலர் வாயிலிருந்து வரவே கூடாது. அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது கயிறு. கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டி ஒரே நாளில் குடியை விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். நம்பிக்கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபத்து உடம்பில் இருக்கிறது. தினமும் அதிகமாகக் குடித்தவருக்குக் கடைசிக் குடியிலிருந்து சில மணி நேரத்திலேயே கைநடுக்கம் வரும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும் மாயக்காட்சியும் வரும். அப்போது "சாமி பேசுது" என்று அவர் சொன்னால் வீட்டாரும் கும்பிடுவார்கள். வியர்த்துக் கொட்டுகிறதா, காய்ச்சல் உண்டா, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று தெரிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் குழுவில் உட்காரவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கவனிக்காவிட்டால் உயிர் போகும் நிலை அது. முதல் சில வாரங்களுக்குப் பட்டினி விரதமும் வேண்டாம். குடியால் தயமின் என்ற பி1 வைட்டமின் ஏற்கெனவே வற்றிய உடம்பு அது.

மாலை போடுகிறவர்களின் சிக்கல் வேறு. கார்த்திகையில் போட்டு ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பார்கள். மாலையைக் கழற்றும் நாள்தான் கண்டம். விரதம் முடிகிற தேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் மனசு அந்தத் தேதிக்காகக் காத்திருக்கும். அந்தத் தேதியை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நாள் சாயங்காலம் குழுவை வையுங்கள், மாலையைக் கழற்றப் போகும்போது பழைய உறுப்பினர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். குருசாமி சம்மதித்தால் அவரையும் ஒருமுறை வரச்சொல்லுங்கள்.

குலதெய்வக் கோயில் கொடையைப் பலரும் மறந்துவிடுகிறோம். கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் சாராயம் படைக்கிற ஊர்களில் அதுவே பிரசாதமாகக் கைக்கு வரும். மறுத்தால் சாமி குத்தம், வாங்கினால் சறுக்கல். ஆடி பிறக்கும் முன்பே குழுவில் இதை நடித்துப் பாருங்கள்: ஒருவர் பூசாரி, ஒருவர் பங்காளி, நடுவில் நம் ஆள். "திருநீறு மட்டும் போதும் மாமா, வைத்தியம் நடக்குது" என்ற வாக்கியம் வாயில் தானாக வரும்வரை சொல்லிப் பழகட்டும். குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். தேவாலயத்தில் திருவிருந்து ரசம் வாங்குகிறவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

சத்தியத்தை மீறியவர் திரும்பி வருவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு கிளாஸோடு நிற்க வேண்டியவர், "சாமிகிட்டயே பொய் சொல்லிட்டேன், இனி என்ன இருக்கு" என்று ஒரு வாரம் குடிப்பார். ஒரு சறுக்கலைத் தன் முழுத் தோல்வியாக எடுத்துக்கொள்வதே தொடர்குடியில் தள்ளுகிறது என்று ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் விளக்கினார். நம் ஊரில் அதன் மேல் தெய்வ பயமும் ஏறிக்கொள்கிறது. அவர் வந்தால் பாவம், மன்னிப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் கிளாஸ் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு? அதற்கு முன் எத்தனை நாள் தாங்கினீர்கள், எது தாங்கியது? இவ்வளவும் பேசிய பிறகு பரிகாரம் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால் செய்யட்டும். கோயிலிலிருந்து நேராகக் குழுவுக்கு வரச்சொல்லுங்கள்.

மனைவிமார் குழு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. "மன்னிச்சிடும்மா, புண்ணியம்" என்று அடிவாங்கிய பெண்ணிடம் சொல்லாதீர்கள். பரிகாரம் தேடுவதைச் சொல்லும் ஒன்பதாம் படியே, பிறருக்குத் தீங்காக முடியுமென்றால் வேண்டாம் என்று விலக்கு வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் கையில் முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குடிநோய்க் குழுக்களை நடத்துவோர் சிலர்