ஐந்து மடங்கு நீலம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வலது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து எல்லாம் சொட்டு நீலத்தில் முக்கியெடுத்த மாதிரி தெரிகிறது என்கிறாய். பயப்படாதே. பழுப்பேறிய பழைய லென்ஸ் இத்தனை வருஷம் நீலத்தை வடிகட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கும் இப்போது நீலத்தோடுதான் மல்லுக்கட்டு. கோத்தகிரியில் நான்கு நாள் தங்கி, தினமும் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் நீர்வண்ணத்தில் வரைந்தேன். எதிரே ரங்கசாமி மலை, கீழே மோயாறு பள்ளத்தாக்கு. தூரத்து மலையும் பச்சைதான். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடித்து அதை நீலமாக்கிவிடுகிறது. ஐந்து மடங்கு தூரம் காட்ட ஐந்து மடங்கு நீலமாக்கு என்று லியோனார்டோ டா வின்சி எழுதிவைத்திருக்கிறார், ஏதோ சாம்பார்ப் பொடிக்கு அளவு சொல்வது போல. நம்பி அப்பினேன். கடைசி மலை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றுவிட்டது! நீலமானால் போதாது, வெளிறவும் வேண்டும். அல்ட்ராமரைன் நீலத்தை நன்றாக நீர்க்கக் கரைத்து, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் துளி தொட்டு அதன் மினுக்கை அடக்கிய பிறகுதான் மலை பின்னால் போனது.

மூடுபனியில் தாள் காயவே மாட்டேன் என்கிறது. காய்ந்துவிட்டதென்று அடுத்த மலையின் விளிம்பை வைத்தேன். ஈரம் பரவி காலிஃபிளவர் மாதிரி பூத்துவிட்டது. தொடாமல் விட்டேன். இப்போது படத்திலேயே உருப்படியான மேகம் அதுதான்.

கோட்டை விட்டது ஆட்களில். கொழுந்து பறிக்கும் பெண்கள் நான்கு பேர். ஆசைப்பட்டு மூக்கு முழியெல்லாம் போட்டேன், மலை கொலுப் படிக்குக் கீழே குவித்த மண்ணாகிவிட்டது. சீன ஓவியர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி மலைக்கு ஓரடி மரம், ஓர் அங்குலக் குதிரை, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மனிதர். அடுத்த தாளில் நெல்மணி அளவுக்குச் சிவப்பு, மேலே தலைக்கு ஒரு புள்ளி. கால்களை வரையாமல் செடிக்குள் கரையவிட்டேன். முகமே இல்லை, ஆனாலும் குனிந்திருக்கிற விதத்திலேயே மூத்தவர் யார் என்று தெரிகிறது.

போட்டோ அனுப்ப மாட்டேன். போன் தன் இஷ்டத்துக்கு நீலத்தைக் கூட்டுகிறது. உன் இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆவதற்குள் படத்தோடு நேரில் வருகிறேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, கடைசி மலை எதில் தள்ளிப் போகிறது என்று சொல். அப்புறம், சொட்டு மருந்தை மறக்காதே.

அன்புடன்,
மணி