யாருடைய சந்தேகம்?

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகளில் க்ரைம் பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் 19 வருடம் ப்ரூஃப் பார்த்தவன் நான். உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, உங்களோடு அதே ஆறிப்போன டீயைக் குடித்தவன் எழுதுகிற கடிதம் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

11 வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, பத்தே முக்கால் மணி இருக்கும். வெளியூர்ப் பதிப்பு போய்விட்டது. உள்ளூர்ப் பதிப்புக்கு மூன்றாம் பக்கம் மட்டும் நிற்கிறது. நிருபர் போனில் சொன்னதை அடித்து, தலைப்பு வைத்து, என்னிடம் அனுப்பினார்கள். "நடத்தையில் சந்தேகம்: மனைவியை வெட்டிக் கொன்ற கணவர் கைது." நான் என் வேலையைச் செய்தேன். 'வெட்டி'க்கும் 'கொன்ற'வுக்கும் நடுவில் க் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கையெழுத்துப் போட்டேன், பக்கம் போனது.

விடிகாலையில் வீடு திரும்பினால் தெரு முழுக்க ஆட்கள். செத்துப்போனது எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த டைலர் அக்கா. செய்தியில் ரேஷன் கார்டுப் பெயர் வந்திருந்தது. அந்தப் பெயரால் அவரை எங்கள் தெருவில் யாரும் கூப்பிட்டதில்லை. முகவரியிலும் பேட்டையின் பெயர் மட்டும்தான். என் மனைவி நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். வேலை நேரத்தில் போனை டிராயரில் போட்டுவிடுவது என் பழக்கம்.

அந்த ராத்திரி தெருப் பெண்கள் பேசிக்கொண்டதை அவள் சொன்னாள். "குடிச்சிட்டு வந்து நாள் தவறாம அடிப்பான், பாவி. பீஸ் கட்ட வச்சிருந்த பணத்தைக் கேட்டிருக்கான், அவ குடுக்கல." அதே பெண்கள்தான். காலை பத்து மணிக்கு டீக்கடையில் இருந்து மூன்றாம் பக்கத் தாள் மட்டும் தெருவுக்குள் வந்தது. சாயங்காலம் ஜி.ஹெச்.சில் இருந்து உடல் வருவதற்குள் பேச்சு மாறியிருந்தது. "நெருப்பில்லாம புகையுமா? பேப்பர்லயே போட்டிருக்கானே." தைக்கக் கொடுத்த துணி பற்றி ஆர்டர்காரர் ஒருவர் போன் செய்வார், அக்கா வாசலில் நின்று பேசுவார். அதுவரை அது வெறும் போன். அன்றிலிருந்து அது வேறு ஏதோ ஆகிவிட்டது.

கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, பத்து வருடம் பழகித் தெரிந்துகொண்ட ஒன்றை இரண்டு சொல் அழித்துவிட்டது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தாங்களே யோசித்துச் சொல்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த யோசனையை முந்தின ராத்திரி பத்தே முக்காலுக்கு நாம் அச்சுக்கு அனுப்பியிருந்தோம்.

'நடத்தையில் சந்தேகம்.' கொஞ்சம் நிதானமாக இந்தச் சொற்களைப் பாருங்கள். யார் சந்தேகப்பட்டார் என்று அதில் இல்லை. எழுவாய் கிடையாது. மழை பெய்வதுபோல சந்தேகம் தானாக வந்து நிற்கிறது. 'மனைவி மீது சந்தேகப்பட்டதாகக் கணவர் போலீசில் சொன்னார்' என்பதுதான் நமக்குத் தெரிந்த அதிகபட்ச உண்மை. சந்தேகம் யாருடையது என்பதை நீக்கிவிட்டால் அது ஊர் முழுக்கப் பொதுவான சந்தேகம் ஆகிவிடுகிறது. 'நடத்தை' என்ற சொல்லோ, பள்ளிக்கூட டி.சி.யில் 'நன்று' என்று போடுவார்களே, அந்தச் சொல். பெண்ணுக்கு முன்னால் வந்தால் மட்டும் அதற்குப் படுக்கையறை தவிர வேறு பொருள் இல்லை. பொறுப்பாகத் தைத்துக் கொடுத்ததும், பிள்ளைக்கு பீஸ் கட்டியதும் அந்த அக்காவின் நடத்தையில் சேராது.

இந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனில் இருந்து வருகிறது. ஸ்டேஷனுக்குக் கொன்றவன் வாயில் இருந்து வருகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது 23-வது பிரிவாக அப்படியே இருக்கிறது. அவனுக்கு எதிராக நீதிமன்றம் ஏற்காத பேச்சை, செத்துப்போன பெண்ணுக்கு எதிராக நாம் ஏற்றுக்கொள்கிறோம். அவளுக்கு ஜாமீன் இல்லை, அப்பீலும் இல்லை.

அப்புறம் 'கள்ளக்காதல்'. இதில் எனக்கும் பங்கு உண்டு. எத்தனை தலைப்பில் கள்ளக்காதலைச் சேர்த்து எழுதச் சொல்லி வட்டம் போட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஏன் அந்தச் சொல் விடுவதில்லை என்பதும் தெரியும். ஏழே எழுத்து, சிங்கிள் காலத்தில், அதாவது ஒரு பத்தி அகலத்தில், அடங்கும். 'திருமணம் கடந்த உறவு' என்று போட்டால் இரண்டாம் வரிக்குத் தள்ளும். கள்ளச் சாராயம், கள்ள நோட்டு, கள்ளச் சாவி என்று சட்டவிரோதமான சாமான்களோடு அது நிற்கிறது. 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவும் அப்படித்தான் பார்த்தது. இன்னொருவன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு கொண்டால் ஐந்து வருடம் வரை சிறை. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை! அவளுடைய சம்மதத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. விவாகரத்துக்கு அது காரணமாகலாம், குற்றமாகாது என்று ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பையும் நாம்தான் முதல் பக்கத்தில் போட்டோம். அதற்குப் பிறகும் மூன்றாம் பக்கத்தில் கள்ளம் தொடர்கிறது.

'உல்லாசமாக இருந்தனர்' என்பதைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டு விட்டுவிடுகிறேன். அந்த நிருபர் எங்கே நின்று பார்த்தார்?

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். மாறாது. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்த பிறகும் எங்கள் ஊர் தாலுகா ஆபீசில் ஏறுவதற்குப் படி மட்டும்தான் இருக்கிறது. ஆனால் சில சொல்லுக்கு நிற்கிற பக்கம் என்று ஒன்று உண்டு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக நடந்த இப்படிப்பட்ட கொலைகளை அதற்கு முன்பெல்லாம் 'கௌரவக் கொலை' என்றே தயங்காமல் எழுதினோம். ஆங்கிலத்தில் இருந்து அப்படியே இறக்கிய சொல். கொன்றவன் தன் செயலுக்கு வைக்க விரும்பும் பெயர் எதுவோ அதையே நாமும் வைத்துக் கொடுத்தோம். போராடியவர்கள் 'ஆணவக் கொலை' என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, இன்று பெரும்பாலான செய்தி அறைகளில் அதுதான் வழக்கு. ஓரெழுத்துக்கூட அதிகமில்லை. கொலை நின்றுவிடவில்லைதான். ஆனால் டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறவர் 'கௌரவம்' என்று வாயால் சொல்ல வேண்டிய கட்டாயம் போனது. (அரசாங்கத்தின் நிதியுதவித் திட்டத்தில் மட்டும் அது இன்னும் 'கலப்புத் திருமணம்'. பாலில் தண்ணீர் கலப்பதுபோல.)

'கற்பழிப்பு' என்ற சொல்லும் இப்படித்தான் போனது. ஒருவன் செய்த வன்முறைக்கு அவளுடைய கற்பு அழிந்தது என்று கணக்கு எழுதிய சொல் அது. கற்பு என்ற சொல் பெண்ணை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டது என்று பெரியார் 1920-களிலேயே தன் 'குடி அரசு' பத்திரிகையில் கேட்டார். நம் பக்கங்களில் 'பாலியல் வன்கொடுமை' என்று மாறுவதற்கு எவ்வளவோ காலம் ஆனது. நீதிமன்றங்களும் இப்போது தங்கள் சொல்லைத் திருத்திக்கொள்கின்றன. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெண்களைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லைத் தவிர்க்கலாம், பதிலுக்கு எதை எழுதலாம் என்று நீதிபதிகளுக்கே ஒரு கையேடு போட்டது. நம் மேசையில் அப்படி ஒரு தாள்கூடக் கிடையாது.

"மக்கள் பேசுகிற மாதிரி எழுதுகிறோம்" என்பது நம் வழக்கமான பதில். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருவரைப் பன்மையில் 'அவர்' என்பது இலக்கணம் அல்ல, வழக்கில் வந்த உயர்சொல் என்கிறது தொல்காப்பியம். ஆக, மரியாதை வழக்கில்தான் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், சைக்கிள் திருடியவன் 'பிடிபட்டான்'. கோடிக்கணக்கில் சுருட்டிய பைனான்ஸ் அதிபர் 'கைதானார்'. இன்று பல இடங்களில் இரண்டு பேருமே 'ஆர்'. யாரும் மாநாடு போட்டு மாற்றவில்லை. உங்களைப் போல ஒரு பத்துப் பேர், ராத்திரி வேலையில், ஒரு விகுதியைத் தட்டிவிட்டு மாற்றினார்கள். தெருவில் என்ன பேச்சு ஓடுகிறதோ அதை எழுதுகிறோம் என்பது பாதிதான் சரி. எங்கள் தெருவில் பேச்சு எந்தத் திசையில் ஓடியது என்று நான் பார்த்தேன்.

அந்தச் செய்திக்குப் பிறகு என் மனைவி போன் வந்தால் உள்ளே போய்ப் பேச ஆரம்பித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைப் பேப்பர் சொல்லியிருந்தது. தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் தையல் மெஷின் வைத்திருந்தார்கள்; ஆர்டர்காரர்களோடு பேசும் வேலையை அவர்களுடைய கணவன்மார் எடுத்துக்கொண்டார்கள். கூலிக் கணக்கும் கூடவே போனது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. டைலர் அக்காவின் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பாட்டி வீட்டில் வளர்ந்து இந்த வருடம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். தாயார் பெயர் எழுதும் இடத்தில் கொஞ்சம் நின்றாள். "மாமா, அம்மா பேரைப் போட்டுத் தேடினா அந்த நியூஸ்தான் முதல்ல வருது. கிளாஸ்ல ஒருத்தி பாத்துட்டா." அச்சடித்தவர்களில் நானும் ஒருவன் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. முன்பெல்லாம் நேற்றைய பேப்பர் இன்றைக்கு வடை மடிக்கப் போய்விடும். எண்ணெய் ஊறி எழுத்து மங்கும். இணையத்தில் ஏற்றியது மங்குவதில்லை.

அதனால் கேட்கிறேன். அந்தப் பதிப்பில் இப்போது இருக்கும் நண்பர்களுக்கு இணைப்பைத் தனியே அனுப்புகிறேன். செய்தியை நீக்க வேண்டாம். அவர் கொல்லப்பட்டது நடந்த விஷயம். தலைப்பில் முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுங்கள். "மனைவியை வெட்டிக் கொன்ற கணவர் கைது." ஒற்று சரியாகத்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். இடமும் மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ப்ரூஃப் ரீடர்