கோணத்தை எங்கிருந்து அளந்தாய்?

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டபோது நீ போனை எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். நீ அளந்த காபித் தோட்டத்தின் பரப்பும் புலப்படத்தில் (நிலத்தின் எல்லையை வரைந்த அளவைப் படத்தில்) உள்ள பரப்பும் ஒத்துவரவில்லை என்று மாமா சொன்னார். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கோசைனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

ஏப்ரல் 20 வாக்கில் சேலத்தில் பகல் 12.15 மணி சுமாருக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது சமதரையில் ஒரு கழியைச் சாய்த்துப் பிடி. கழியின் நீளத்தை, அது தரையோடு செய்யும் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் வருவதுதான் நிழலின் நீளம். புலப்படத்தில் நாம் வரைவது அந்த நிழலைத்தான்.

20 டிகிரி சரிவில் 30 மீட்டர் டேப்பை விரித்தால் படத்தில் 28.19 மீட்டர்தான் ஏறும். குறுக்கே 40 மீட்டர் என்று வைத்துக்கொள். சரிவின் மேல் 1200 சதுர மீட்டர், படத்தில் 1127.6. ஒரே துண்டில் ஏறக்குறைய 1.8 சென்ட் வித்தியாசம்! ஏற்காட்டுச் சரிவில் இப்படி நாலு துண்டு சேர்ந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்?

சரி, பெருக்கியும் ஒத்துவரவில்லை என்றால், கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளந்தாய் என்று பார். தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி பெரும்பாலும் செங்குத்துக் கோணத்தைத் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சியிலிருந்துதான் காட்டும். 20 டிகிரி ஏற்றத்துக்கு அதில் 70 என்று வரும். அந்த 70-க்குக் கோசைன் போட்டால் 30 மீட்டர் 10.26 ஆகிவிடும். அங்கே சைன்தான் போட வேண்டும். திரையில் கிடைமட்ட தூரம் என்று தனியாக வந்தால் அது ஏற்கெனவே பெருக்கினது, மறுபடியும் பெருக்காதே.

கால்குலேட்டரையும் பார். கோசைன் 60 போட்டால் 0.5 வர வேண்டும். டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால் கோசைன் 20 என்பது 0.408 என்று வரும், 30 மீட்டர் 12.24 ஆகும். தினமும் காலையில் முதல் வேலையாக 60 போட்டுப் பார்.

செங்குத்தான இடத்தில் கோணத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். 5 டிகிரியில் ஒரு டிகிரி தவறினால் 30 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர்தான் போகும். 40 டிகிரியில் அதே ஒரு டிகிரி 34 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். சரிவின் கோணத்தை அளக்கும் கிளைனோமீட்டரில் பார்க்கும்போது உன் கண் உயரத்துக்குக் கம்பத்தில் குறி போட்டு அந்தக் குறியைப் பார். கம்பத்தின் அடியைப் பார்த்தால் கோணம் மாறிவிடும். கம்பம் பிடிக்கிற பையனுக்கும் இதைச் சொல்லிவை.

மூலையின் கோணத்தில் சந்தேகமா? இரண்டு வரப்பிலும் 3 மீட்டர் அளந்து முளை அடி, இரண்டு முளைக்கும் இடையே டேப்பைப் பிடி. டேப்பைக் கிடைமட்டமாகப் பிடி, சரிவில் படுக்கவிடாதே. 4.24 வந்தால் செங்கோணம். 4.60 வந்தால்: 3-இன் வர்க்கம் 9-ஐயும் இன்னொரு 9-ஐயும் கூட்டி, 4.60-இன் வர்க்கம் 21.16-ஐக் கழித்து, 18-ஆல் (3×3-இன் இரு மடங்கால்) வகு. −0.1756 வரும். அதுதான் மூலைக் கோணத்தின் கோசைன், அதாவது கோணம் 100.1 டிகிரி. மைனஸ் வந்ததே என்று பயப்படாதே. விரிகோணத்துக்கு அப்படித்தான் வரும்.

நம் வீட்டில் மலையேறி அளக்கிற முதல் பெண் நீதான். அதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு தீபாவளிக்குப் பிறகு எட்டிப்பார்க்காமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அளவு ஒத்துவராததற்கெல்லாம் யாராவது வேலையை விடுவார்களா? நான் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

60 போட்டுப் பார்த்தாயா என்று எழுது. புலப்புத்தகத்தில் கோணம் குறித்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். அம்மா இன்று ராத்திரி கூப்பிடுவாள், எடு.

அப்பா