பஸ் நிலையத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு

அன்புள்ள தங்கச்சி,

சென்ற மாதம் திருகோணமலை பஸ் நிலையத்தில், எம்.ஆர்.ஐ. படங்கள் வைத்த பெரிய உறையை மடியில் அணைத்தபடி கொழும்புக்கான இரவு பஸ்ஸுக்காகக் காத்திருந்தீர்கள். அந்த உறையைப் பார்த்துத்தான் நான் பேச்சுக் கொடுத்தேன். ஒன்றரை வருடத்தில் மூன்று வைத்தியர்களைப் பார்த்துவிட்டதாகவும், நரம்புகளின் உறை சேதமாகும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாக இருக்கலாம் என்று ஒருவரும் இருக்காது என்று இன்னொருவரும் சொன்னதாகவும் கூறிவிட்டு, "எந்த டொக்டரிட்டப் போறது அக்கா?" என்று கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. உங்கள் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன்.

எனக்கு இதே நோயைக் கண்டறிந்த நரம்பியல் நிபுணர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். ஆகவே அவருடைய பெயரால் உங்களுக்குப் பயனில்லை. அவர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சொன்னால், அப்படிப் பார்க்கும் இன்னொருவரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எனக்கு 2015இல் இடக்கண் மங்கியது. கண்ணை அசைத்தால் வலித்தது. சுவாமிப் படத்துக்கு வைத்த செவ்வரத்தம்பூ அந்தக் கண்ணுக்கு வெளிறித் தெரிந்தது. சில வாரங்களில் தானாகவே சரியானதால் அதை மறந்துவிட்டேன். 2018இல் இரண்டு கால்களும் விறைத்தன, விறைப்பு இடுப்புவரை ஏறியது. அப்போது நான் பார்த்த முதல் வைத்தியர், ஐந்து நிமிடத்துக்குள், கதிரையை விட்டு எழும்பாமலே, மனப்பதற்றம் என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். அந்தச் சொல்லை நானும் நம்பி நான்கு மாதங்களை இழந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம்.

இரண்டாவதாகப் பார்த்த நிபுணர் தமிழ் அறியாதவர். தாதி ஒருவர் மொழிபெயர்த்தார். "கால் விறைக்குது" என்று நான் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, தொட்டால் தெரியவில்லையா, அல்லது கால் மடங்காமல் இறுகி நிற்கிறதா என்று கேட்கச் சொன்னார். நாம் இரண்டையும் விறைப்பு என்றே சொல்லிவிடுகிறோம். நரம்பியலில் அவை இரண்டும் வேறு வேறு. எங்கள் மொழி தெரியாத ஒருவர் எங்கள் சொல்லில் இருந்த அந்த மயக்கத்தைக் கண்டுபிடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது.

பிறகு என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலைக் கீறினார், அதிரும் இசைக்கவையைக் கணுக்காலில் வைத்து எப்போது அதிர்வு நிற்கிறது என்று கேட்டார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். பார்த்து முடித்ததும், "முன்பு எப்போதாவது இந்தக் கண் மங்கியதா?" என்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய கண்ணும் இன்றைய காலும் ஒரே கதையின் இரண்டு பகுதிகளாக இருக்கலாம் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கன்னியாவில் நடந்ததையும் அவரிடம்தான் சொன்னேன். 2016இல் அம்மாவின் அந்தியேட்டிக்காகப் போய், அந்த வெந்நீர்க் கிணறுகளில் நீராடி எழுந்தபோது, இடக்கண் மறுபடி மங்கி, உடம்பு ஆறிய பிறகு தெளிந்தது. அழுத கண் என்றார்கள் உறவினர்கள். உடம்பின் சூடு ஏறும்போது பழுதுபட்ட நரம்பில் செய்தி தடைப்படுவதால் இப்படி நேரும் என்றும், 1890இலேயே உட்ஹோஃப் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் இதை எழுதிவைத்திருக்கிறார் என்றும் நிபுணர் விளக்கினார். திருகோணமலை வெயிலில் நடந்தால் கால் தளர்கிறது என்றீர்களே, அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அன்று அவர் நோயின் பெயரை உறுதிப்படுத்தவில்லை. சந்தேகிக்கிறேன், இன்னும் நிரூபிக்கவில்லை என்றார். உங்கள் வைத்தியர்கள் முரண்படுவதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம். இந்த நோயை ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையால் சொல்லிவிட முடியாது. மூளை, முள்ளந்தண்டு வடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு காலங்களிலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சேதமடைந்திருப்பதை அப்போது காட்ட வேண்டியிருந்தது. வேறு நோய் அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். பீ12 உயிர்ச்சத்துக் குறைபாடும், உடலின் நோயெதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸ் நோயும் இதைப்போலத் தோற்றம் தரும். நியூரோமயலைட்டிஸ் ஒப்டிகா என்ற நோயும் பார்வை நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்குகிறது; ஆனால் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அந்த நோயாளிகளை மோசமாக்கிவிடும். அதனால் அவர் அதற்குரிய பிறபொருளெதிரியைத் தேடும் இரத்தப் பரிசோதனையைச் செய்வித்தார், படத்தில் சேதம் தெளிவாகத் தெரிவதற்கான கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி மறுபடி ஸ்கான் எடுப்பித்தார், முதுகில் ஊசி போட்டு முள்ளந்தண்டு நீரும் எடுத்தார். இந்த நோயை உறுதிப்படுத்தப் பயன்படும் மக்டொனால்ட் அளவுகோல்கள் 2017இல் திருத்தப்பட்ட பிறகு, அந்த நீரில் காணப்படும் குறிப்பிட்ட புரதப் பட்டைகளை, வெவ்வேறு காலங்களில் சேதம் நடந்ததற்கான சான்றுக்குப் பதிலாகவும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவை இருந்தன.

தெரியாது என்று சொல்வதால் ஒரு வைத்தியரை விட்டு விலகாதீர்கள். அவர் அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள். அடுத்து எந்தப் பரிசோதனை, ஏன், எப்போது திரும்பி வர வேண்டும், இடையில் கண் மங்கினால் எங்கே போவது என்று சொல்கிறாரா? அப்படியானால் அவரிடமே இருங்கள். தொட்டுப் பார்க்காமல், பழைய கதையைக் கேட்காமல், ஒன்றுமில்லை என்று அனுப்புகிறவரிடமிருந்துதான் நீங்கள் வெளியேற வேண்டும். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்து போகிற உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

போகும்போது ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பக்கம், எத்தனை நாள், 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்ததா, முழுதாகக் குறைந்ததா. ஸ்கான் அறிக்கையை மட்டுமல்லாமல் படங்கள் உள்ள சீடியையும் கேட்டு வாங்குங்கள். தமிழோடு வைத்தியரின் மொழியும் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நான் அம்மா இல்லாத வீட்டிலிருந்து தனியாகவே போனேன், சொன்னவற்றில் பாதி நினைவில் நிற்கவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது, குனிந்து பையை எடுத்துவிட்டு, "கழுத்தைக் குனிஞ்சா முதுகால கரண்ட் மாதிரி இறங்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அதற்கு லெர்மித் அறிகுறி என்று பெயர். இந்த நோயில் மட்டும் வருவதல்ல, ஆனால் கழுத்துப் பகுதியின் முள்ளந்தண்டு வடத்தைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி அது. உங்கள் உறையில் மூளையின் படங்கள் மட்டுமே இருப்பதாகச் சொன்னதாக நினைவு. அடுத்த கிளினிக்கில் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பஸ் நிலையத்தில் கண்ட அக்கா